இரண்டாம் கட்டுக்கு ஒரு லேப்டாப்

கேள்வி: மகள் பிளஸ் ஒன்னில் கம்ப்யூட்டர் சயின்ஸ் எடுத்திருக்கிறாள். லேப்டாப்புக்கு 25 ஆயிரத்துக்கு மேல் போக முடியாது. காரைக்குடியில் ஒரு கடையில் புதுசு 22 ஆயிரம் என்றார்கள்: 4 ஜிபி ராம், 64 ஜிபி ஸ்டோரேஜ். அதே காசுக்கு ஆபீஸில் ஓடின ஐ5 லேப்டாப் செகண்ட் ஹேண்டில் கிடைக்கும் என்கிறார் கொழுந்தனார். எனக்குப் பழசு என்றாலே பயம். ராத்திரி ஆயா (பாட்டி) சிங்கப்பூரில் இருக்கும் மாமாவோடு வீடியோவில் பேசுவதும் இதில்தான். எதை வாங்கட்டும் சார்?
– வாசகி, கானாடுகாத்தான்

பதில்: நான் உங்கள் கொழுந்தனார் கட்சி. ஆனால் ஐ5 என்ற ஸ்டிக்கரை மட்டும் நம்பி அவரைக் கடைக்கு அனுப்பிவிடாதீர்கள்.

முதலில் அந்தப் புது லேப்டாப். விண்டோஸ் 11 ஓட மைக்ரோசாஃப்ட் கேட்கும் குறைந்தபட்ச அளவே 4 ஜிபி ராம், 64 ஜிபி ஸ்டோரேஜ்தான். அதாவது ஓடும், அவ்வளவுதான். விண்டோஸே பெரும் பங்கை அடைத்துக்கொண்டு உட்கார, நாலு அப்டேட் வந்ததும் இடமில்லை என்று அழ ஆரம்பிக்கும். இந்த ரகத்தில் ஸ்டோரேஜையும் ராமையும் பெரும்பாலும் போர்டிலேயே பற்றவைத்திருப்பார்கள், பின்னால் கூட்டிக்கொள்ள வழியில்லை. பிளஸ் ஒன்னில் சி பிளஸ் பிளஸ், பிளஸ் டூவில் பைத்தானும் மைஎஸ்க்யூஎல்லும், இதெல்லாம் எந்த லேப்டாப்புக்கும் பாரமே இல்லை. குரோமில் இருபது டேப் திறந்து வைத்துக்கொண்டு பக்கத்தில் ஒரு வீடியோ ஓடுகிறதே, அதுதான் பாரம். அதற்கு 8 ஜிபி ராமும் 256 ஜிபி எஸ்எஸ்டியும் (ஹார்டு டிஸ்கை விட வேகமான ஸ்டோரேஜ்) வேண்டும். இதற்குக் கீழே இறங்காதீர்கள்.

இப்போது பழசுக்கு வருவோம். ஐ5 என்பது ப்ராசஸரின் குடும்பப் பெயர் மாதிரி, தாத்தாவுக்கும் அதுதான், பேரனுக்கும் அதுதான். அதற்கு அடுத்து வரும் எண்ணைப் பாருங்கள். ஐ5-8250யூ என்றால் எட்டாம் தலைமுறை, வாங்கலாம். ஐ5-6300யூ என்றால் ஆறாம் தலைமுறை, விண்டோஸ் 11 ஏற்றுக்கொள்ளும் பட்டியலிலேயே அது கிடையாது. விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஓடு முடிந்துவிட்டதால், எட்டுக்குக் கீழே எது இருந்தாலும், எவ்வளவு பளபளப்பாகத் துடைத்து வைத்திருந்தாலும், திரும்பி வந்துவிடுங்கள்.

காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் பழம்பொருள் வாங்குகிறவர்கள் மரத்தைத் தட்டிப் பார்த்து, கவிழ்த்துப் பார்த்து, அப்புறம்தானே விலையே கேட்பார்கள்? அதே புத்தி இங்கேயும் வேண்டும். சார்ஜரைப் பிடுங்கிவிட்டு அரை மணி நேரம் கடையிலேயே ஓட்டிப் பாருங்கள். பேட்டரி ரிப்போர்ட் எடுத்துக் காட்டச் சொல்லுங்கள். செய்தபோது இருந்த கொள்ளளவும் இப்போது இருப்பதும் அதில் பக்கத்துப் பக்கத்தில் வரும். பாதிக்குக் கீழே போயிருந்தால் புது பேட்டரிக்கான காசை விலையில் குறைக்கச் சொல்லுங்கள். ஆயாவுக்காக கேமராவையும் மைக்கையும் பாருங்கள். அப்புறம், ஒரு கீ விடாமல் தட்டுங்கள். நான் ஒருமுறை அவசரத்தில் தட்டாமல் வாங்கிவிட்டேன், சாய்கோடு கீ செத்திருந்தது. அது எதற்கு, போனால் போகட்டும் என்று வீட்டுக்கு வந்து தமிழ்99 விசைப்பலகை முறையில் அடித்தால், அந்த கீயில்தான் ழ இருக்கிறது! இரண்டு மாதம் ‘தமிழ்’ என்று எழுத வேறு எங்கிருந்தாவது ழ-வை காப்பி செய்து ஒட்டிக்கொண்டிருந்தேன்.

நீங்கள் கேட்காத ஒன்று. உங்கள் ஊர் செட்டிநாட்டு வீடு என்றால் ரவுட்டர் முகப்பில் இருக்கும், பிள்ளை உள்ளே இரண்டாம் கட்டில் உட்கார்ந்து படிப்பாள். நடுவில் அந்தக் காலத்துச் சுவர். லேப்டாப் எவ்வளவு நல்லதாக இருந்தாலும் மாமா முகம் உறைந்துதான் நிற்கும், பழி லேப்டாப் மேல் விழும். 5 கிகாஹெர்ட்ஸ் வைஃபை சுவரைத் தாண்டுவதில் இன்னும் மோசம், 2.4-க்கு மாற்றிப் பாருங்கள். அதுவும் எட்டவில்லையா, வளவு (முற்றம்) ஓரமாக ஒரு லேன் கேபிள் இழுத்துவிடுங்கள். பழைய ஆபீஸ் லேப்டாப்புகள் பலவற்றில் லேன் ஓட்டை இருக்கும், நேரே சொருகிவிடலாம்.

கேள்வி: தம்பிக்கு அரசு கொடுத்த இலவச லேப்டாப் பரணில் கிடக்கிறது. தூக்கிப் போடுவதா?
– வாசகர், தேவகோட்டை

பதில்: ஆன் ஆகிறதா? ஆகிறது என்றால் தூக்கிப் போடாதீர்கள். உள்ளே இருக்கும் ஹார்டு டிஸ்கைக் கழற்றிவிட்டு ஒரு எஸ்எஸ்டி போட்டு, விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் மின்ட் ஏற்றச் சொல்லுங்கள். டைப்பிங் பழகவும் மின் கட்டணம் கட்டவும் போதும். பேட்டரி உப்பியிருந்தால் மட்டும் சார்ஜ் போட்டுப் பார்க்காதீர்கள், முதலில் அதைக் கடையில் கொடுத்துக் கழற்றிவிடுங்கள்.