11 வயதுப் பையனுக்கு பிபி 128/82: என்ன செய்வது?

பெரம்பூரிலிருந்து ஒரு தாயார் கேட்கிறார்: "என் மகனுக்கு 11 வயது, எடை 58 கிலோ. பள்ளி மருத்துவ முகாமில் பிபி 128/82 என்று எழுதிக் கொடுத்தார்கள். சில நாள் கழித்துத் தெருமுனை கிளினிக்கில் 122/78. 'நார்மல்தான், சின்னப் பிள்ளைக்கு ஏது பிபி' என்று அனுப்பிவிட்டார்கள். இந்துப்புக்கு மாறச் சொல்கிறார் மாமியார். மாமனாரின் மாத்திரையில் பாதி கொடுக்கலாமா என்றும் வீட்டில் பேச்சு நடக்கிறது. என்ன செய்யட்டும்?"

மாமனாரின் மாத்திரை வேண்டவே வேண்டாம், அம்மா. பாதியும் வேண்டாம், கால்வாசியும் வேண்டாம். காரணம் தெரியாமல் கொடுக்கும் பிபி மாத்திரை குழந்தையின் சிறுநீரகத்தையே பாதிக்கலாம்.

கிளினிக்கில் சொன்ன 'நார்மல்' என்பதை நான் ஏற்கவில்லை. 120/80 என்ற கணக்கு 13 வயது முதல்தான் பொருந்தும். அதற்குக் கீழே வயது, ஆணா பெண்ணா, உயரம் என்ற மூன்றையும் வைத்து அட்டவணையில் பார்க்க வேண்டும். அமெரிக்கக் குழந்தை மருத்துவ அகாடமி 2017இல் வெளியிட்ட வழிகாட்டுதலின்படி, 11 வயதுப் பையனுக்கு 110/74ஐத் தொட்டாலே அந்த அட்டவணையை எடுத்துவிட வேண்டும். அதற்காக உங்கள் மகனுக்கு நோய் என்று இப்போதே முடிவுகட்டவும் கூடாது. அதே வயதும் உயரமும் உள்ள நூறு பையன்களில் 95 பேருக்கு இருப்பதைவிட அதிகமான அளவு, மூன்று வெவ்வேறு நாள்களில் பார்த்தும் குறையாமல் இருந்தால்தான் அது உயர் ரத்த அழுத்தம்.

எனவே முதல் வேலை, ஓரிரு வாரத்துக்குள் சரியாக அளப்பது. பெரும்பாலான குழப்பம் கையில் சுற்றும் பட்டையிலிருந்துதான் வருகிறது. பட்டை சிறியதாக இருந்தால் பிபி இல்லாத குழந்தைக்கும் இருப்பதாகக் காட்டும். தோளுக்கும் முழங்கைக்கும் நடுவே, தையல் டேப்பால் கையின் சுற்றளவை அளந்துகொண்டு போங்கள். பட்டைக்குள் இருக்கும் காற்றுப்பையின் அகலம் அந்தச் சுற்றளவில் 40 சதவீதமாவது இருக்க வேண்டும். உங்கள் மகனின் எடைக்குப் பெரியவர்களின் பட்டையே தேவைப்படலாம். மாடி ஏறிய மூச்சோடு அளக்க வேண்டாம். சாய்ந்து உட்கார்ந்து, பாதம் தரையில் பட, ஐந்து நிமிடம் பேசாமல் இருந்த பிறகு வலது கையில் பார்க்கச் சொல்லுங்கள். வீட்டுக்குக் கருவி வாங்கும் அவசரம் இப்போது இல்லை. குழந்தைகளிடம் சோதித்துச் சான்று பெறாத கருவிகளும் கடைகளில் கிடைக்கின்றன.

அளவு மறுபடியும் உயர்ந்தே இருந்தால் காரணத்தைத் தேட வேண்டும். சிறு வயதில், அதுவும் ஒல்லியான குழந்தைக்கு பிபி என்றால், முதலில் சிறுநீரகத்தைத்தான் சந்தேகிப்போம். இதயத்திலிருந்து உடலுக்கு ரத்தம் கொண்டுபோகும் பெரிய குழாயான மகாதமனி பிறவியிலேயே குறுகியிருந்தாலும் இப்படி வரும். தொடை இடுக்கில் நாடி பிடித்துப் பார்த்தும், காலில் பிபி அளந்தும் மருத்துவர் அதைக் கண்டுபிடித்துவிடுவார். உங்கள் மகனுக்கு எடையே காரணமாக இருக்கலாம். ஆனாலும் சிறுநீர்ப் பரிசோதனை, ரத்தத்தில் கிரியேட்டினின் (சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டுவது), சோடியம், பொட்டாசியம் போன்ற உப்புச் சத்து, கொழுப்பு, சர்க்கரை ஆகியவற்றைப் பார்க்காமல் அப்படிச் சொல்லிவிட முடியாது. இரவில் குறட்டை விடுகிறானா, குறைமாதத்தில் பிறந்தவனா, வீசிங்குக்கு ஸ்டீராய்டு மாத்திரை சாப்பிட்டானா என்பதையெல்லாம் மருத்துவரிடம் சொல்லுங்கள். இருமலுக்கு அடிக்கடி அதிமதுரம் கொடுக்கும் வழக்கம் இருந்தால் அதையும் மறைக்க வேண்டாம். அதுவும் ரத்த அழுத்தத்தை ஏற்றும்.

இந்துப்பும் பெரும்பாலும் சோடியம் குளோரைடுதான். மாறுவதால் பயன் இல்லை. சோடியம் குறைத்த உப்பில் பொட்டாசியம் இருக்கும். சிறுநீரகம் பழுதாக இருந்தால் அது ஆபத்து. சாம்பாரில் உப்பைக் குறைப்பதைவிட, அப்பளம், ஊறுகாய், மோர் மிளகாய், கருவாடு, சிப்ஸ், பாக்கெட் நூடுல்ஸ் ஆகியவற்றை வீட்டுக்கு வராமல் செய்வதுதான் பலன் தரும். பாக்கெட்டில் போட்டிருக்கும் சோடியத்தை 2.5ஆல் பெருக்கினால் உப்பின் அளவு தெரியும். 800 மில்லிகிராம் சோடியம் என்றால் 2 கிராம் உப்பு! பையனுக்கு மட்டும் பத்தியச் சாப்பாடு என்று ஒதுக்காதீர்கள்; வீடே மாறட்டும். டியூஷனில் ஒரு மணி நேரத்தைக் குறைத்தாவது மாலையில் வியர்க்க விளையாட விடுங்கள். மழைக்காலத்தில் வீட்டுக்குள்ளேயே கயிறு தாண்டலாம். எடையைக் குறைக்கப் பட்டினி போட வேண்டாம். எடை கூடாமல் உயரம் வளர்ந்தாலே பாதி வேலை முடிந்துவிடும்.

அழுத்தம் மிக அதிகமாக இருந்தாலோ, சிறுநீரக நோய் இருந்தாலோ, உணவையும் விளையாட்டையும் மாற்றி ஆறு மாதமாகியும் குறையாவிட்டாலோ மருந்து தேவைப்படும். குழந்தைகளுக்கான அளவில், சிறுநீரகத்தைப் பாதுகாக்கும் நல்ல மருந்துகள் இருக்கின்றன. செலவுக்குப் பயந்து தள்ளிப்போட வேண்டாம். எழும்பூர் அரசு குழந்தைகள் மருத்துவமனையில் சிறுநீரகப் பிரிவே இருக்கிறது.

காலையில் முகம் வீங்குவது, சிறுநீர் டிகாஷன் நிறத்தில் போவது, கடும் தலைவலியோடு வாந்தி, பார்வை மங்கல், வலிப்பு: இவற்றில் ஒன்று தெரிந்தாலும் அடுத்த பரிசோதனைத் தேதிக்குக் காத்திருக்காமல் அன்றைக்கே, நள்ளிரவானாலும், 108ஐ அழைத்து மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.