முதலில் வலி மருந்து, அப்புறம் எக்ஸ்ரே

குழந்தைகள் அவசரப் பிரிவில் பணிபுரியும் மருத்துவர் பெற்றோரின் கேள்விகளுக்குப் பதில் சொல்கிறார்.

கேள்வி: ஆறு வயது மகனுக்குக் கடும் வயிற்றுவலி. டாக்டர் பார்க்கும் முன் வலி மருந்து கொடுத்தால் அப்பெண்டிக்ஸ் தெரியாமல் போய்விடும் என்கிறார் மாமியார்.

பதில்: அவரைக் குறை சொல்ல மாட்டேன். நாங்களே ரொம்ப நாள் அப்படித்தான் நம்பினோம். குழந்தைகளுக்கு மார்ஃபின் என்ற வலுவான வலி மருந்தைக் கொடுத்துப் பார்த்த ஆய்வுகளில் அந்தப் பயம் நிரூபணமாகவில்லை. வலியில் துடிக்கிற பிள்ளை எங்கே கை வைத்தாலும் அலறும். வலி தணிந்தால்தான் வயிற்றைத் தொடவே விடும். சாப்பாடு கொடுக்காமல் உடனே கூட்டி வாருங்கள். மருந்து கொடுத்திருந்தால் நேரத்தையும் அளவையும் எழுதிக்கொண்டு வாருங்கள்.

கேள்வி: பாரசிட்டமால் எவ்வளவு கொடுக்கலாம்?

பதில்: வயதை விடுங்கள், எடையைப் பாருங்கள். ஒரு வேளைக்குக் கிலோவுக்கு 15 மில்லிகிராம். பத்து கிலோ குழந்தைக்கு 150. அடுத்த வேளைக்கு நாலு முதல் ஆறு மணி நேர இடைவெளி, நாளைக்கு நாலு வேளைக்கு மேல் வேண்டாம். மூன்று மாதத்துக்குள் என்றால் டாக்டரைக் கேட்காமல் கொடுக்காதீர்கள். சொட்டு மருந்தில் பொதுவாக ஒரு மில்லியிலேயே 100 மில்லிகிராம் இருக்கும். சிரப்பில் 5 மில்லிக்கு 125 அல்லது 250. சொட்டு மருந்தை சிரப் என்று நினைத்து ஸ்பூன் நிறைய ஊற்றினால் ஒரே வாயில் 500! லேபிளைப் படித்துவிட்டு ஊற்றுங்கள். டெங்கு சந்தேகம் இருந்தால் ஐபுப்ரோஃபென் என்ற வலி மருந்து வேண்டாம். ஆஸ்பிரின் பக்கமே போகாதீர்கள்.

கேள்வி: சுடுதண்ணீர் கொட்டிவிட்டால் டூத்பேஸ்ட் தடவலாமா?

பதில்: கூடாது, ஐஸும் கூடாது. குழாய்த் தண்ணீரில் 20 நிமிடம். வலியும் அதிலேயே பாதி அடங்கும்.

கேள்வி: எட்டு மாதக் குழந்தைக்கு வலி எவ்வளவு என்று எப்படிக் கண்டுபிடிப்பீர்கள்?

பதில்: முகம், கால், உடல் அசைவு, அழுகை, தூக்கினால் சமாதானமாகிறதா என்று ஐந்தையும் பார்த்து ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 2 வரை மதிப்பெண் போடுவோம். பச்சைக் குழந்தைக்கு வலி உறைக்காது என்று 1980கள் வரை பெயருக்கு மயக்க மருந்து கொடுத்து அறுவை சிகிச்சையே செய்தார்கள். குழந்தைகள் நல மருத்துவர் கன்வல்ஜீத் ஆனந்தின் குழு 1987-இல் லான்செட் மருத்துவ இதழில் வெளியிட்ட ஆய்வுக்குப் பிறகுதான் அது மாறத் தொடங்கியது.

கேள்வி: மகளுக்குக் கை முறிந்திருக்கிறது. ஊசி என்றாலே ஓடுகிறாள்.

பதில்: மூக்கில் பீய்ச்சும் ஃபென்டனில் என்ற வலி மருந்து இருக்கிறதா என்று கேளுங்கள், பத்து நிமிடத்தில் வேலை செய்யும். ஊசி போட்டே ஆகவேண்டும் என்றால் படுக்கவைத்து அமுக்க விடாதீர்கள். உங்கள் மடியில் உட்காரவைத்து அணைத்துக்கொள்ளுங்கள். அப்புறம், வீட்டில் "சாப்பிடலைன்னா டாக்டர் ஊசி போட்டுடுவார்" என்று மிரட்டுவதை நிறுத்துங்களேன்.