வாசகர் கேள்வி–பதில்: ஒரு மைனஸ் குறி செய்த வேலை

கேள்வி: இரண்டு மெஷ் (மூடிய வளையம்) உள்ள மின்சுற்றில் இரு மெஷ் மின்னோட்டங்களையும் காண வேண்டும். இடது மெஷ்ஷில் 28 வோல்ட் பேட்டரி (மேலே பிளஸ்), 4 ஓம். நடுக் கிளையில் 6 ஓம். அதில் கீழ்நோக்கி ஓடும் மின்னோட்டம் க. வலது மெஷ்ஷில் 2 ஓம், அதோடு 4க வோல்ட் தரும் சார்பு மூலம் (அளவு க-வைப் பொறுத்தது; மேலே பிளஸ்). எனக்கு 5.6, 4.67 ஆம்பியர் வருகிறது. விடைத்தாளில் 4, 2. காசியோ 570-இல் மூன்று தடவை தட்டியும் அதேதான்.
– டிப்ளோமா மாணவர், பட்டர்வொர்த்

பதில்: கால்குலேட்டர் பாவம், அதன் மேல் தவறில்லை. க = வ − இ என்று எழுதியிருப்பீர்கள்; அப்படி எழுதினால் 5.6 வரும். (இடது மெஷ் மின்னோட்டம் இ, வலது வ, இரண்டும் வலஞ்சுழி.) நடுக் கிளையில் இ இறங்குகிறது, வ ஏறுகிறது. அம்பு கீழே பார்க்கிறது, ஆகவே க = இ − வ. வலது மெஷ்ஷுக்கு 6(வ − இ) என்று எழுதிய கை, அதே வேகத்தில் க-வையும் திருப்பிவிடும். இந்த வகைக் கணக்கில் அதிகம் பேர் வழுக்குவது இங்கேதான்.

முதலில் சார்பு மூலத்தைச் சாதாரண மூலமாகவே நினைத்து எழுதுங்கள்:

10இ − 6வ = 28
−6இ + 8வ + 4க = 0

பிறகு படத்தைப் பார்த்து, தனி வரியில் க = இ − வ. அதைப் போட்டால் இரண்டாவது வரி −2இ + 4வ = 0 ஆகும். இ = 4, வ = 2, க = 2.

ஒரு வரியில் −6, மறு வரியில் −2 என்று வருவதைக் கண்டு குழம்ப வேண்டாம். சார்பு மூலம் நுழைந்தால் அந்தச் சமச்சீர் போய்விடும். மின்தடைகளைப் பார்த்தே அணியை நிரப்பும் குறுக்குவழி அதனால்தான் இங்கே உதவாது.

சரிபார்க்கப் பவர் போதும். பேட்டரி தருவது 112 வாட்; வாங்குவது மின்தடைகள் 64 + 24 + 8, சார்பு மூலம் 16. கணக்கு நேர். ஆனால் க-வைப் படத்திலிருந்து புதிதாக எடுங்கள். உங்கள் விடைக்கு அப்படிச் செய்தால் தருவது 156.8, வாங்குவது சுமார் 191.6, குட்டு உடைந்துவிடும். பழைய க-வையே போட்டால் தவறும் சரிபோலத் தெரியும்.

கேள்வி: நடுக் கிளையில் மின்னோட்ட மூலமே சார்பு மூலமாக இருந்தால், அதன் வோல்டேஜை எப்படி எழுதுவது?
– வாசகி, செந்தூல், கோலாலம்பூர்

பதில்: எழுதவே வேண்டாம். அந்தக் கிளையை விட்டுவிட்டு வெளிவட்டம் முழுவதையும் ஒரே சூப்பர்மெஷ்ஷாகச் சுற்றி வாருங்கள். இடப்பக்கம் 30 வோல்ட், 5 ஓம்; வலப்பக்கம் 10 ஓம்; நடுவில் 5 ஓமின் வோல்டேஜைப் போல 0.2 மடங்கு ஆம்பியரை மேல்நோக்கித் தள்ளும் மூலம் என்று வையுங்கள். வெளிவட்டம்: 5இ + 10வ = 30. மூலம்: வ − இ = 0.2 × 5இ, அதாவது வ = 2இ. விடை 1.2, 2.4 ஆம்பியர். மூலத்தின் வோல்டேஜ் கடைசியில் தானாகக் கிடைக்கும்: 10 × 2.4 = 24.

கேள்வி: தெவனின் மின்தடை (சுற்றை ஒரு மூலம், ஒரு மின்தடை என்று சுருக்கும்போது வரும் மின்தடை) காண, சார்பு மூலத்தையும் ஷார்ட் செய்யலாமா?
– மாணவி, பினாங்கு

பதில்: கூடாது. சாராத மூலங்களை மட்டும் அணைத்து, முனைகளில் 1 ஆம்பியர் செலுத்தி, எழும் வோல்டேஜைப் பாருங்கள்; அந்த எண்ணே மின்தடை. பட்டர்வொர்த் மாணவரின் சுற்றில் 2 ஓமைக் கழற்றிய இடத்தில் 0.8 ஓம் வரும். சார்பு மூலத்தை ஷார்ட் செய்தால் 2.4 ஓம். திறந்த முனை வோல்டேஜ் 5.6, அதை 2.8-ஆல் (0.8 + 2) வகுத்தால் அதே 2 ஆம்பியர், 4.4-ஆல் (2.4 + 2) வகுத்தால் 1.27.