எல்லன் டெரியைக் காட்டிக் கேட்கும் மகளுக்கு என்ன பதில் சொல்வது?

அன்புள்ள அம்மா,

பிளஸ் டூவில் நல்ல மதிப்பெண் வாங்கிய மகள், மேடை நடிப்புதான் என் தொழில் என்கிறாள். 9 வயதில் விக்டோரியா ராணி முன் நடித்த ஆங்கில மேடை நடிகை எல்லன் டெரியை உதாரணம் காட்டுகிறாள் என்று எழுதியிருந்தீர்கள். அவளுக்குத் திறமை உண்டா என்பது உங்கள் கேள்வி. யாரிடம், எப்படிக் கற்கப் போகிறாள் என்பதை முதலில் பாருங்கள் என்பேன். அதற்கு எல்லன் டெரியே நல்ல உதாரணம்.

1847இல் இங்கிலாந்தின் கோவென்ட்ரியில் பிறந்தவர். அப்பா, அம்மா இருவரும் ஊர் ஊராகப் போய் நடித்தவர்கள். எல்லன் பள்ளிக்கூடம் பக்கமே போகவில்லை. 1856 ஏப்ரலில் லண்டன் பிரின்சஸ் அரங்கில், நடிகர் சார்லஸ் கீன் நடத்திய குழுவின் ஷேக்ஸ்பியர் நாடகத்தில் குட்டி இளவரசனாக வந்தார். ராணி பார்த்தது அன்றுதான். கையில் இழுத்து வந்த பொம்மை வண்டி தடுக்கி மேடையிலேயே விழுந்தும் விட்டார்.

உங்கள் மகள் அந்த ஒரு இரவைப் பார்க்கிறாள். நான் மற்ற நாட்களைப் பார்க்கச் சொல்கிறேன். மேடைப் பலகை ஒன்றின் மேலேயே, கோடு விலகாமல் நடக்கப் பழக்கினார் நடன ஆசிரியர். உயிரெழுத்துகளைக் குழப்பாமல் தனித்தனியாக உச்சரிக்க வைத்தார் கீனின் மனைவி. இப்படியே மூன்று வருடம்.

இன்னொன்றும் நடந்தது. மேடைத் தரையில் இருக்கும் பொறிக்கதவு மூடிக்கொள்ள, அந்தக் குழந்தையின் கால்விரல் முறிந்தது. நாடகத்தை முடித்துக் கொடு, சம்பளத்தை இரட்டிப்பாக்குகிறேன் என்றார் கீனின் மனைவி. வாரம் 15 ஷில்லிங் 30 ஆனது. பலர் இதைப் பெருமையாகச் சொல்வார்கள். எனக்கு மனசு கேட்பதில்லை. அடிபட்டால் குழு என்ன செய்யும் என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்ள வேண்டும்.

1859இல் கீன் அந்த அரங்கை விட்டார், வேலை போயிற்று. அப்புறம் அப்பாவோடும் அக்காவோடும் சின்னச் சின்ன நிகழ்ச்சிகள், ஊர்ப் பயணம். 15 வயதில் பிரிஸ்டல் நிரந்தரக் குழுவில் சேர்ந்தார். நாடகம் மாறிக்கொண்டே இருக்கும். பாட்டு, ஆட்டம், கேலி நாடகம் எல்லாவற்றிலும் சிறு வேடங்கள். அந்தக் காலத்தை நான் ராணி வந்த இரவைவிடப் பெரிதாக மதிக்கிறேன். மறு வருடம் பாத் நகரில் தேவதை ராணி வேடம் கிடைத்தபோது, துணியை நனைத்து முறுக்கி, கட்டிக் காயவைத்தால் சுருக்கம் விழுந்து உடலோடு ஒட்டி நிற்கும் என்பதை காட்வின் என்ற கட்டடக் கலைஞரிடம் கற்றுக்கொண்டார். பேர் தெரியாத ஊர்களில்தான் இப்படித் தொழில் கைக்கு வருகிறது.

நடுவில் விட்டால் திரும்ப முடியுமா என்ற உங்கள் பயம் நியாயமானது. எல்லன் டெரி இரண்டு முறை விட்டார். 1864இல், 17 நிரம்பும் முன்பே, 46 வயது ஓவியர் வாட்ஸைத் திருமணம் செய்து, ஒரு வருடத்துக்குள் பிரிந்து, பிறகு மேடைக்குத் திரும்பினார். மறுபடியும் 1868இல் காட்வினோடு கிராமத்துக்குப் போனார். ஆறு வருடம், இரண்டு குழந்தைகள், கழுத்தை நெரிக்கும் கடன். ஒரு நாள் வழியில் அவரது குதிரைவண்டிச் சக்கரம் கழன்றுகொள்ள, வேட்டைக்கு வந்த எழுத்தாளர் சார்லஸ் ரீட் அங்கே வந்து சேர்ந்தார். மேடைக்குத் திரும்பு என்றார். வாரம் 40 பவுண்டு, அதாவது 800 ஷில்லிங்! சக்கரம் கழன்றது தற்செயல். ஆனால் ரீட் அவரை ஏற்கெனவே அறிந்தவர். என்ன செய்யக்கூடியவர் என்று தெரிந்துதான் கூப்பிட்டார். 1874இல் திரும்பினார். அடுத்த வருடம் ஷேக்ஸ்பியரின் கதாநாயகி போர்ஷியாவாக நடித்த நாடகம் சீக்கிரமே நின்றது, அவர் பெயர் நிலைத்துவிட்டது. 1878இல் லண்டன் லைசியம் அரங்கில் பெரிய நடிகர் ஹென்றி இர்விங்குக்கு ஜோடி.

சரி, இப்போது என்ன செய்யலாம்? டில்லி தேசிய நாடகப் பள்ளியில் சேரவே பட்டப்படிப்பும் மேடை அனுபவமும் கேட்கிறார்கள். அதனால் கல்லூரியில் சேரட்டும். மாலையில் ஒரு குழுவிலும் சேரட்டும். சேரும் முன் நீங்களும் போய் ஒரு ஒத்திகை முழுக்க உட்கார்ந்து பாருங்கள். குரலுக்கும் உடலுக்கும் யார் பயிற்சி தருகிறார்கள், வெளியூர் போனால் தங்குவது எங்கே, பணம் எந்தத் தேதியில் வரும், அடிபட்டால் செலவு யாருடையது என்று மகளையே கேட்கச் சொல்லுங்கள். பதில் சொல்லத் தயங்கும் குழு என்றால் அடுத்த குழுவைப் பாருங்கள்.