பைனரி ப்ளிஸ்ட்டைக் கையால் திருத்தலாமா?

கேள்வி: மேக்கில் ஒரு செயலியின் செட்டிங்ஸ் கோப்பைத் திறந்தால் 'பிப்ளிஸ்ட்00' என்று தொடங்கி, ஒன்றும் படிக்க முடியவில்லை. திருத்த வழி உண்டா?

பதில்: தாராளமாக. அது பைனரி ப்ளிஸ்ட், அதாவது மேக் செயலிகள் செட்டிங்ஸைச் சேமிக்கும் 'ப்ளிஸ்ட்' கோப்பின், மனிதர் படிக்க முடியாத பைனரி வடிவம். செயலியை மூடிவிட்டு முதலில் ஒரு நகல் எடுத்து வையுங்கள், ஏனென்றால் டெர்மினலில் பிஎல்யுடில் கட்டளைக்கு 'கன்வெர்ட் எக்ஸ்எம்எல்1' (படிக்கக்கூடிய எக்ஸ்எம்எல் உரையாக மாற்று) என்று மட்டும் கொடுத்தால் மூலக் கோப்பின் மேலேயே எழுதிவிடும். அப்புறம் எந்த எடிட்டரிலும் திருத்தலாம். உள்ளே 'என்எஸ்கீட்ஆர்க்கைவர்' (ஆப்பிளின் தரவுச் சேமிப்பு முறை ஒன்று) என்று இருந்தால் மட்டும் ரொம்பக் கவனம்: அதில் எல்லாமே ஒரே பட்டியலில் கிடக்கும், ஒன்றையொன்று வரிசை எண்ணால்தான் சுட்டும், ஆறாவதை நீக்கினால் ஏழாவது ஆறாகி எல்லாம் குழம்பிவிடும். மதிப்பை மாற்றுங்கள், எதையும் நீக்காதீர்கள். கடைசியில் அதே கட்டளைக்கு 'லின்ட்' போட்டுப் பிழை பார்த்துவிட்டு, 'கன்வெர்ட் பைனரி1' கொடுத்துப் பழையபடி பைனரியாக மாற்றிவிடுங்கள்.