விண்டோஸ் 10ல் பழைய டேப் டிரைவ் வேலை செய்யுமா?

விண்டோஸ் எக்ஸ்பியில் என்டிபேக்கப் என்ற காப்புநகல் நிரல் மூலம் எழுதிய டிடிஎஸ்-4 டேப்புகளை (தரவு சேமிக்கும் ஒருவகைக் காந்த நாடாக் கேசட்) விண்டோஸ் 10ல் படிக்க முடியுமா என்று கேட்டிருக்கிறீர்கள். உண்மையான சிக்கல் டிரைவில் இல்லை, மென்பொருளில்தான். என்டிபேக்கப்பை விஸ்டாவிலேயே மைக்ரோசாஃப்ட் நீக்கிவிட்டது. பழைய எக்ஸ்பி கணினி இன்னும் ஓடுகிறதென்றால், தயவுசெய்து கோப்புகளை அதிலேயே எடுத்துவிடுங்கள்.

இல்லையா? சரி, லினக்ஸ் இயங்குதளத்துக்கு வாருங்கள். டிரைவ் 68 பின் ஸ்கஸியாக (பழைய வகை கேபிள் இணைப்பு) இருந்தால், புதிய மதர்போர்டுக்குப் பிசிஐ எக்ஸ்பிரஸ் ஸ்கஸி கார்டு ஒன்று தேவை. கேபிளின் கடைசி முனையில் டெர்மினேட்டர் (சிக்னல் எதிரொலிக்காமல் தடுக்கும் முனைத் துண்டு) இருக்கட்டும். அது இல்லாமல் டிரைவ் தெரிந்தாலும் படிக்கும்போது பிழை வரும்.

டேப்பைப் போடும் முன் அதன் ஓரத்திலுள்ள சின்னத் தாழ்ப்பாளைத் தள்ளி, துளை திறந்திருக்கும்படி வையுங்கள். அப்போதுதான் தவறிப்போய் மேலெழுத முடியாது. அப்புறம் லினக்ஸின் 'டிடி' (dd) கட்டளையால் டேப்பில் உள்ளதை அப்படியே ஹார்டு டிஸ்குக்கு நகலெடுங்கள். சாதனப் பெயரில் 'என்எஸ்டி0' (/dev/nst0) கொடுங்கள். 'எஸ்டி0' (/dev/st0) என்றால் ஒவ்வொரு முறையும் டேப் தொடக்கத்துக்கே சுற்றிக்கொள்ளும். பிளாக் அளவு (ஒரு தடவையில் படிக்கும் துண்டின் அளவு) 64 கேபி வையுங்கள். டேப்பில் எழுதிய அளவைவிடக் குறைத்தால், நினைவகம் போதவில்லை என்று பிழை காட்டும், ராம் எவ்வளவு இருந்தாலும்.

நகலிலிருந்து கோப்புகளைப் பிரிக்க 'எம்டிஎஃப்டார்' (mtftar) என்ற இலவச நிரல் உதவும்.