கிண்டிலில் போட்ட கோடெல்லாம் எங்கே போச்சு?

கேள்வி: யுபிஎஸ்சி தேர்வுக்குப் படிக்கிறேன். காசு கொடுத்து வாங்கிய ஒரு வரலாற்றுப் புத்தகத்தை மூன்று மாதமாக கிண்டிலில் (அமேசானின் மின்நூல் படிக்கும் கருவி) ஹைலைட் பண்ணிப் படித்தேன். பிரிண்ட் எடுக்கலாம் என்று கம்ப்யூட்டரில் செருகி ஹைலைட் பண்ணிய வரிகள் சேரும் 'மை கிளிப்பிங்ஸ்' கோப்பைத் திறந்தால், ஐந்தாம் அத்தியாயத்துக்கு மேல் வரிகளே இல்லை. எல்லையைத் தொட்டுவிட்டதாக ஆங்கிலத்தில் ஒரே வாக்கியம்தான் திரும்பத் திரும்ப வருகிறது. கருவி கோளாறா? தமிழ் பிடிஎஃப் ஏற்றிப் படித்தால் இந்தத் தொல்லை இருக்காதா?

பதில்: கோளாறு இல்லை, பயப்படாதீர்கள். கிண்டிலில் அந்தப் புத்தகத்தையே திறந்து பாருங்கள், கடைசிப் பக்கம் வரை நீங்கள் போட்ட கோடு அப்படியே இருக்கும். தடை இருப்பது கோடு போடுவதற்கு அல்ல, கோடு போட்ட வரியை வெளியே எடுத்துப் போவதற்கு. ஒரு புத்தகத்தில் எவ்வளவு வெளியே போகலாம் என்பதைப் பதிப்பகம் தீர்மானிக்கிறது, பல புத்தகங்களுக்கு அது 10 சதவீதம். முழுப் புத்தகத்தையும் ஒருவர் கோடு போட்டு கோப்பாக எடுத்து வாட்ஸ்அப்பில் சுற்ற விட்டுவிடக் கூடாது என்பதுதான் அவர்கள் பயம். நியாயமான பயம்தான், ஆனால் முழு விலை கொடுத்து வாங்கிய மாணவருக்கும் அதே பூட்டு என்பது எனக்கு எரிச்சலாகத்தான் இருக்கிறது.

கணக்குப் போட்டுப் பாருங்கள். 500 பக்கப் புத்தகத்தில் 10 சதவீதம் என்றால் 50 பக்கம். பத்தி பத்தியாக, பக்கத்துக்கு அரைப் பக்கம் மஞ்சள் அடித்துக்கொண்டே போனால் நூறாவது பக்கத்திலேயே ஒதுக்கீடு காலி. உங்களுக்கு நடந்தது அநேகமாக இதுதான்.

இதற்கு நான் சொல்லும் வழி கொஞ்சம் பழைய காலத்து வழி. பத்தி முழுக்க இழுக்காதீர்கள், அந்தப் பத்தியின் உயிரான ஐந்தாறு சொல்லை மட்டும் கோடு போட்டு, அதோடு ஒரு 'நோட்' சேர்த்து விஷயத்தை உங்கள் சொந்த வாக்கியத்தில் எழுதுங்கள். உதாரணமாக 1793 நிரந்தர நிலவரித் திட்டம் பற்றி ஒன்றரைப் பக்கம் இருக்கிறது என்றால், 'கார்ன்வாலிஸ், வங்காளம், ஜமீன்தார் கட்ட வேண்டிய தொகை நிலையானது, உழுபவனுக்குப் பாதுகாப்பு இல்லை' என்று நான்கு துண்டு போதும். நோட் நீங்கள் எழுதியது, புத்தகத்தின் வரி இல்லை, அதனால் அந்த 10 சதவீதத்தில் அது சேராது. கிண்டிலின் இ-இங்க் திரையில் தட்டுவது ஆமை வேகம் என்றால் போனில் உள்ள கிண்டில் செயலியில் அதே புத்தகத்தைத் திறந்து தட்டுங்கள், இரண்டும் ஒத்திசைந்துவிடும்.

ஏற்கெனவே போட்ட மூன்று மாதக் கோடுகளுக்கு? கிண்டிலிலேயே புத்தகத்துக்குள் குறிப்புகளின் பட்டியல் இருக்கிறது, அதில் ஒவ்வொன்றாகத் தட்டிப் படித்து, வெட்டுப்பட்டவற்றை மட்டும் நோட்டுப் புத்தகத்தில் கையால் எழுதிக்கொள்ளுங்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை போகும், ஆனால் அதுவே ஒரு ரிவிஷன் ஆகிவிடும். பூட்டை உடைக்கும் மென்பொருள் பக்கம் மட்டும் போகாதீர்கள், 2012 திருத்தத்துக்குப் பிறகு நம் பதிப்புரிமைச் சட்டத்தில் அதற்குத் தனிப் பிரிவே இருக்கிறது.

சரி, தமிழ் பிடிஎஃப். நீங்களே ஏற்றிய கோப்புக்கு இந்த எல்லை கிடையாது, அது உண்மை. ஆனால் ஸ்கேன் எடுத்த பிடிஎஃப் என்றால் ஒவ்வொரு பக்கமும் வெறும் படம், விரலை எவ்வளவு இழுத்தாலும் கோடு விழாது. பாமினி போன்ற பழைய எழுத்துருவில் அடித்தது என்றால் இன்னும் வேடிக்கை. திரையில் 'அம்மா' என்று அழகாகத் தெரியும், கோடு போட்டு வெளியே எடுத்தால் எம், கே, அரைப்புள்ளி, கே, ஹெச் என்று ஆங்கில எழுத்துகள் கிடக்கும். யூனிகோடில், அதாவது எந்தக் கருவியிலும் தமிழ் தமிழாகவே இருக்கும் எழுத்து முறையில் உள்ள இபப் (மின்நூல் கோப்பு வகை) கோப்பாகத் தேடுங்கள். மதுரைத் திட்டம், ஃப்ரீ தமிழ் இபுக்ஸ் தளங்களில் பூட்டில்லாத புத்தகங்கள் நிறைய உண்டு, நம் கோப்பைக் கிண்டிலுக்கு அனுப்பும் 'சென்ட் டு கிண்டில்' சேவை 2022 முதல் இபப்பையும் ஏற்றுக்கொள்கிறது.

அப்புறம், பிரிண்ட் கொடுக்கும் முன் அந்த மை கிளிப்பிங்ஸ் கோப்பை ஒருமுறை சலித்துவிடுங்கள். புத்தகத்தில் நீங்கள் அழித்த கோடும் அதில் அப்படியே இருக்கும், ஒரே வரியை இரண்டு முறை இழுத்திருந்தால் இரண்டு முறையும் இருக்கும்.